குடலில் விளையும் முத்து

தூத்துக்குடிக் கடலில் முத்துச்சிப்பி அருகிப்போய் வெகுகாலமாயிற்று. கவலை வேண்டாம். இப்போது முத்து மனிதக் குடலில் விளைகிறது.

கண்டுபிடித்தவர் பிரைட்டன். சென்ற ஆண்டு வரை செல்போன் கவர் விற்றவர், இன்று பேதியடிகளார். முத்துக் குளித்த முன்னோர், மாதாவுக்குச் சேர வேண்டிய முத்துகளை விழுங்கிவிட்டார்களாம். அந்தச் சாபம் பிள்ளைகளின் குடலில் தங்கிவிட்டதாம். அவர் தரும் உப்புத் தண்ணீரைக் குடித்து, அவர் தரும் வெள்ளைச் சட்டியில் உட்கார்ந்தால், 'டிங்' என்று சாபம் விழும். வரிசை பக்கத்து ஊரான புதுக்கோட்டை வரை நின்றது. கடலையே பார்க்காத ஸ்ரீவைகுண்டத்து நெல் விவசாயிக்கும் முத்து விழுந்தது. யாரும் யோசிக்கவில்லை. சட்டிக்கு ஓடவே நேரம் சரியாக இருந்தது.

அந்த வரிசைக்கு வந்தவர்களில் ஒருவர் ரோச். அவருக்கு மலத்தில் ரத்தம். குழாய் விட்டுக் குடலைப் பார்க்க ஆஸ்பத்திரியில் தேதி கொடுத்திருந்தார்கள். அதற்கு முன் குடிக்கும் பேதி மருந்தைத் தருமுன், நர்ஸ் கிளாடிஸ் கேள்வியாகக் கேட்டார். கிட்னி எப்படி, இதயம் எப்படி, பிரஷருக்கு என்ன மாத்திரை? ரோச்சுக்கு வந்தது கோபம். எழுந்து நேரே அடிகளாரிடம் வந்து, முதல் தம்ளரை வாங்கிக்கொண்டார்.

"எனக்கு என்ன சீக்குன்னு எங்கிட்டயே கேக்காவ. இவியளுக்கு என்னதான் தெரியும்? அடிகளார் ஒரு கேள்வி கேக்கல. பாத்ததும் ஊத்திட்டாரு."

"உங்க கிட்னிக்குக் கண்ட பேதி உப்பும் ஆவாது, உசுருக்கே ஆபத்துன்னு அந்த நர்ஸ் சொன்னாவல்லா," என்றாள் மனைவி ஞானசௌந்தரி.

"ஏளா, அது ஆஸ்பத்திரி உப்பு. இது சாபம் கழுவுற உப்பு."

மூன்றாவது தம்ளரில் சாபம் விழவில்லை; ரோச் விழுந்தார். நாக்கு வறண்டு, கால் இழுத்து, கண் செருகிக் கிடந்தார்.

"பெரிய முத்து. வெளிய வர அடம் பிடிக்கி. இன்னொரு தம்ளர் ஊத்துங்க," என்றார் அடிகளார்.

ஞானசௌந்தரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கணவனுக்காகக் காத்திருந்த காலிச் சட்டியைப் பார்த்தாள். எறும்புகள் வரிசையாக ஏறிக்கொண்டிருந்தன. கழுவி வைத்த சட்டியில் எறும்புக்கு என்ன வேலை? எல்லோரும் பார்க்க, ஒரு குடம் குடிதண்ணீரை அதில் ஊற்றினாள். அடியில் இறுகியிருந்த சீனிப்பாகு கரைந்தது. உள்ளிருந்த பிளாஸ்டிக் முத்து கழன்று உருண்டது. டிங்.

"இந்தத் தண்ணியோட பாட்டன் எந்த வருசம் முத்துக் குளிச்சான்? சொல்லும்."

"மாதா தண்ணியிலயும் இருக்காவ," என்று ஒருவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

அவள் நாலாவது தம்ளரை அடிகளாரிடம் நீட்டினாள். "இத நீரு குடியும். உம்ம குடல்ல என்ன இருக்குன்னு பாப்போம்."

அடிகளார் இரண்டடி பின்னால் போனார். "எனக்குப் பிரஷர் இருக்கு. டாக்டரக் கேக்காம குடிக்கக் கூடாது."

ரோச்சை ஆம்புலன்சில் ஏற்றினார்கள். நாலு நாள் டிரிப்ஸில் பிழைத்தார். அடிகளாரைப் போலீஸ் ஏற்றிக்கொண்டு போனது.

அவ்வளவு பெரிய வரிசையில், குடிக்குமுன் டாக்டரைக் கேட்க வேண்டும் என்று அறிந்தவர்கள் இருவர்தான். ஒருத்தி ஞானசௌந்தரி. இன்னொருவன் அந்த ஏமாற்றுக்காரன். நம்மை ஏமாற்றுகிறவனுக்கு இருக்கும் அறிவாவது நமக்கு இருக்கக் கூடாதா?