கதவு மூச்சு விடுகிறது

கென்யாவின் லாமு தீவில், எங்கள் படகுத்துறையில் வந்து இறங்குகிறவர்களில் கதவுதடவி என்றொரு இனம் உண்டு. பார்த்தவுடனே தெரிந்துவிடும். எங்கள் சந்துக்குள் நுழைந்ததும், எதிரே சுமையோடு கழுதை வந்தாலும் ஒதுங்காமல், யார் வீட்டுக் கதவு என்றும் கேட்காமல், அதன் செதுக்கு வேலைப்பாட்டைக் கண்ணை மூடிக்கொண்டு தடவி, பெருமூச்சு விட்டு, "ஆகா, இதுவல்லவா வாழ்க்கை!" என்று, அந்த வாழ்க்கையை வாழ்ந்துகொண்டிருக்கும் எங்களிடமே சொல்வார்கள். அவர்கள் வாழ்வதென்னவோ நைரோபியில், லிஃப்ட் வைத்த கட்டடத்தில்.

என் பக்கத்து வீட்டு மைமூனாவுக்குக் காக்கா, அதாவது அண்ணன் முறையாகும் அத்மான் இந்த இனத்தில் முதல் தரம்.

மழை பெய்தால் மைமூனாவின் வாசற்கதவு ஊதிப்போய்ச் சட்டத்தைக் கவ்விக்கொள்ளும். உள்ளே இருப்பவர் உள்ளே, வெளியே இருப்பவர் வெளியே. வெள்ளிக்கிழமை மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை ஊர்வலம் வந்து நிற்கும்போது கதவு மானத்தை வாங்கிவிடக் கூடாதே என்று, அதை இழைக்கத் தச்சரை வரச் சொல்லியிருந்தாள். அவர் இழைப்புளியை எடுத்ததுதான் தாமதம், அவள் வீட்டில் வந்து தங்கியிருந்த அத்மான் கதவைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"இது கதவு இல்லம்மா, சரித்திரம்! இதுல போய்க் கை வைக்கலாமா?"

"சரித்திரம் திறக்க மாட்டேங்குதே, காக்கா."

"அது மூச்சு விடுது மைமூனா. மரத்துக்கும் உயிர் உண்டு!"

விருந்தாளியின் சொல்லைத் தட்டுவது எங்கள் ஊரில் நடக்காது. தச்சர் திரும்பிப் போனார். இத்தனைக்கும் அந்த மனிதர் கல்யாணம் வரை இருக்கப்போவதுமில்லை. ஆபீஸ் வேலையாம், மறுநாளே விமானமாம்.

மறுநாள் விடியும்போதே மழை கொட்டியது. எதிர்க்கரை விமான நிலையத்துக்கு அவரை ஏற்றிப்போகப் படகு காத்திருந்தது. அடுத்தவர் வாசலில் நின்று, உள்ளே வரலாமா என்று கேட்க "ஹோடி" என்று குரல் கொடுப்பது எங்கள் வழக்கம். வீட்டுக்குள்ளிருந்து "ஹோடி! ஹோடி!" என்று ஒருவர் அலறி அன்றுதான் கேட்டேன்.

"யாராச்சும் கோடாரி கொண்டாங்க! உடைச்சுத் தள்ளுங்க இந்த எழவ!"

"உடைக்கவா? சரித்திரமாச்சே காக்கா!" மைமூனாவின் குரல் தேனாக இனித்தது. "மூச்சு விட்டு முடிக்கட்டும். உக்காருங்க, காப்பி போடுறேன்."

படகின் மோட்டார் உறுமியது.

"இழைச்சுக்கோ தாயே! எப்படி வேணும்னாலும் இழைச்சுக்கோ!"

தச்சரை நான்தான் ஓடிப்போய் அழைத்துவந்தேன். கடப்பாறையால் நெம்பினார். அத்மான் அந்தச் சரித்திரத்தை ஒரு உதை உதைத்துவிட்டு ஓடினார். வெள்ளிக்கிழமை மாப்பிள்ளை வந்தபோது கதவு லேசாகத் தள்ளியதும் திறந்தது.

இப்போது நைரோபியில், லாமுக்காரர்கள் பழமையின் அருமை தெரியாதவர்கள் என்று வருத்தப்பட்டுக்கொண்டிருக்கிறாராம்.

சிரிக்கிறீர்களா? நல்லது. போன தடவை நீங்கள் சொந்த ஊருக்குப் போனபோது, கண்ணில் நீர் வழிய விறகடுப்பை ஊதிக்கொண்டிருந்த அக்காவிடம், "இந்த ருசியே தனி, அடுப்ப மட்டும் மாத்திடாதே" என்று சொல்லிவிட்டு, தட்டை இன்னொரு முறை நீட்டியது யார்?