பி.பி. நம்பர் அக்கா

ஒவ்வொரு தெருவுலயும் எங்கள மாதிரி ஒருத்தி இருப்பா. தெருவுக்கே போன்காரி.

எங்கள அடையாளம் கண்டுபிடிக்க பெருசா கஷ்டப்பட வேணாம். டிவிக்குப் பக்கத்துல போன் இருக்கும், அதுமேல நாங்களே பூ பின்னுன துணி ஒண்ணு போத்தியிருக்கும், யாரும் வெளியூர் பேசிடக்கூடாதுன்னு சின்னதா ஒரு பூட்டு தொங்கும், சாவி எங்க தாலிக்கயித்துல கெடக்கும். போன் வந்தா வாசப்படியில நின்னு கூப்புடுற குரல் இருக்கே, அது பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேக்கும். கூப்புட்டதும் ஓடியாந்து அவங்க பேசுவாங்க. நாங்க நாகரிகமா ஒதுங்கிடுவோமா? மாட்டோம். பக்கத்துலயே ஒக்காந்து உளுத்தம்பருப்புல கல்லு பொறுக்குவோம். அந்தப் பருப்புல கல்லே இருக்காது.

செல்போன் வந்து எங்க இனமே அழிஞ்சிடும்னு நெனச்சாங்க. அழியல. வருஷம் ரெண்டாயிரத்து ஏழு ஆயிடுச்சு, இன்னும் இருக்கோம். ஏன் தெரியுமா? ஆம்பளைங்க வாங்குன செல்லெல்லாம் வண்டி ட்யூ தேதி வந்தா தானா ஆஃப் ஆயிடுது.

போன் இல்லாதவங்க எந்தப் பாரத்துல நம்பர் கேட்டாலும் என் நம்பர எழுதி, பக்கத்துல பி.பி.ன்னு ரெண்டெழுத்து போட்டுருவாங்க. பக்கத்து வூட்டு போனுன்னு அர்த்தம். பள்ளிக்கூடத்துல என் நம்பர், கேஸ் ஏஜென்சியில என் நம்பர், கல்யாணத் தரகருகிட்ட என் நம்பர். எனக்கும் அதுல ஒரு பெருமை. கலெக்டர் நம்பர் கூட இத்தன எடத்துல இருக்காது.

அந்தப் பெருமையிலதான் எதிர்வூட்டு பரிமளா புருஷன் வீரமுத்துவ, லோடு ஆட்டோ வாங்கறப்ப ஃபைனான்ஸ் பாரத்துல என் நம்பர எழுதிக்க உட்டேன். குன்னத்துலேருந்து வெங்காயம் ஏத்துறதுதான் தொழிலு. வெங்காய வெல விழுந்துச்சு, லோடும் போச்சு, ட்யூ நின்னுச்சு. அதுக்கப்புறம் பாருங்க என் வூட்டு மணிய. பல்லு வெளக்கையில அடிக்கும், சாமி கும்புடையில அடிக்கும், சோத்துல கை வச்சா அடிக்கும்.

"வீரமுத்து இருக்கானா?"

"அது எதிர்வூடுங்க."

"போய்ச் சொல்லு. கட்டலன்னா நாலு பேரோட வந்து வூட்டு முன்னாடி நின்னு தெருவே பாக்குற மாதிரி கத்துவோம்."

நானும் அப்புடியே எழுத்து மாறாம, வாசப்படியில நின்னு பரிமளாகிட்ட சொல்லுவேன். எனக்கென்ன, வந்த சேதிய சொல்றேன்.

இப்புடி இருக்கையில மகளிர் குழு கூட்டத்துக்கு ஜெயலட்சுமின்னு ஒரு வக்கீலம்மா பேச வந்தாங்க. நான் போனது கேசரிக்கு. ஆனா அந்தம்மா சொன்னது கேசரிய விட இனிப்பா இருந்துச்சு. கடன் வாங்குனா கட்டித்தான் ஆவணும், அதுல மாத்தமில்ல. ஆனா கேக்குறதுக்கும் ஒரு மொற இருக்கு, நேரங்கெட்ட நேரத்துல திரும்பத் திரும்பத் தொல்ல பண்ணக்கூடாது, அடியாள் பலத்தக் காட்டக்கூடாதுன்னு ரிசர்வ் பேங்க்கு போன வருஷமே ஃபைனான்ஸ் கம்பெனிக்கெல்லாம் சொல்லியாச்சு, கம்பெனியிலயே புகார் கேக்க ஏற்பாடு வச்சிருக்கணும், மெரட்டுனா போலீசுல எழுதிக் குடுக்கலாம்.

அவ்வளவுதான். கேசரி செரிக்கறதுக்குள்ள நான் பாதி வக்கீலாயிட்டேன். விடியக்காலையில பால்காரர் மணி அடிச்சா அவருக்கு ரிசர்வ் பேங்க்கு விதி. வூட்டுக்காரரு மத்தியான தூக்கத்துல எழுப்பி காப்பி கேட்டாரு. "நேரங்கெட்ட நேரத்துல தொல்ல பண்றது விதிப்படி தப்பு"ன்னேன்.

"சரிடி, ரிசர்வ் பேங்க்கயே ஒரு காப்பி போட்டுக் குடுக்கச் சொல்லு"ன்னுட்டாரு.

அந்த வாரம் சனிக்கெழம சாயங்காலம் பரிமளா வந்தா. கதவ ஒருச்சாத்தி வச்சுட்டு மெதுவா சொன்னா.

"அக்கா, நாளைக்கு கீழப்பழுவூர்லேருந்து சிந்தாமணிய பொண்ணு பாக்க வராங்க. எங்க வூட்டுக்காரர் தங்கச்சிக்கு இது மூணாவது எடம். போன் வந்தா நாளைக்கு மட்டும் கூப்புடாதீங்க. அப்பறமா சொல்லிக்கலாம்."

"ஏன்டி, எனக்குத் தெரியாதா? நான் என்ன சின்னக் கொழந்தையா?"

மறுநாள் அவ வூட்ல பஜ்ஜி வாசம் வருது. என் வூட்ல மணி அடிக்குது. அந்த ஃபைனான்ஸ்காரனேதான். நாலு பேரோட கெளம்பிட்டேன்கிறான்.

"நில்லு தம்பி. உன் பேரு என்ன? உன் மேனேஜர் பேரு என்ன?"ன்னு ஆரம்பிச்சேன் பாருங்க. குழம்புல உட்டிருந்த கரண்டிய கையில புடிச்சுக்கிட்டு, வக்கீலம்மா சொன்னது ஒண்ணு உடாம சொன்னேன், சொல்லாததயும் ரெண்டு சேத்துக்கிட்டேன். "பணத்தக் கேளு, வேணாங்கல. ஆபீசுக்கு வரச்சொல்லிக் கேளு. வாசல்ல வந்து மானத்த வாங்குன, நேரா போலீஸ் ஸ்டேஷன்தான்!"

அந்தப் பக்கம் கொரலே மாறிடுச்சு. 

"சரிங்க மேடம். புகாரெல்லாம் வேணாங்க. அவர ஆபீசுக்கு வரச்சொல்லுங்க, பேசி தவணை பாத்துக்கலாம்."

மேடம்! ரேஷன் கடையில "ஏம்மா நகரு"ன்னு கேட்டே பழகுன காது இது. மேடத்துக்கு ஒரு எடத்துல நிக்க முடியுமா? கரண்டியோட ஓடுனேன். பரிமளா வூட்டு வாசப்படியில ஏறி நின்னேன்.

"பரிமளா! உன் ஆட்டோ ஃபைனான்ஸ்காரன நாக்கப் புடுங்குற மாதிரி கேட்டுட்டேன்டி! நீ கட்டாத ட்யூவுக்கு இனி ஒருத்தனும் கத்த மாட்டான்!"

உள்ள ஜமுக்காளத்துல ஒக்காந்திருந்த அத்தன பேரும் திரும்பிப் பாத்தாங்க. மாப்பிள்ள வாயில பஜ்ஜி பாதியில நின்னுச்சு. சிந்தாமணி காப்பித் தட்டோட அப்புடியே நிக்குது. கரண்டியிலேருந்து குழம்பு சொட்டுற சத்தம் எனக்கே கேட்டுச்சு.

மாப்பிள்ளைக்கு அம்மா வீரம்மாள். அந்தம்மாதான் மொதல்ல வாயத் தொறந்துச்சு.

"அந்த விதிய இன்னொரு தடவ சொல்லும்மா. எங்க வூட்டு டிராக்டருக்கும் இப்புடித்தான் போன் பண்றானுவ."

பக்கத்துல இருந்த அவங்க வூட்டுக்காரருக்குப் பொரையேறிடுச்சு. அந்தம்மா உடல. "இருமாதீங்க, இனிமே என்ன மறைக்க? எங்க தெருவுலயும் இந்தம்மா மாதிரியே ஒருத்தி இருக்கா. போன் அவ வூட்லதான். அவ போட்ட கூச்சலுக்கு எங்க பெரிய பொண்ணு பொறந்த வூட்டுக்கு வர்றதயே வுட்டுட்டா."

கல்யாணம் கூடிடுச்சு. தை மாசம். ரெண்டு பக்கமும் ட்யூ பாக்கி, ரெண்டு பக்கமும் போன்காரி, பேசி முடிக்க வேற என்ன இருக்கு? வீரமுத்து கம்பெனிக்குப் போய் தவணை தள்ளி வாங்கிட்டு வந்தான். நான்தான் முடிச்சு வச்சேன்னு நானும் தெரு முழுக்க சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன்.

பொண்ணு பாத்துட்டுப் போன அன்னைக்கு சாயங்காலமே பரிமளா வந்திருந்தா. அங்க போட்டுட்டு வந்த கரண்டிய கழுவி எடுத்தாந்திருந்தா. கையில குடுத்துட்டு கேட்டா.

"அக்கா, நேரங்கெட்ட நேரத்துல வரக்கூடாது, வாசல்ல நின்னு கத்தக்கூடாது, தெருவுக்குத் தெரியிற மாதிரி மானத்த வாங்கக்கூடாது. எல்லாம் சரி. இது கம்பெனிக்காரனுக்கு மட்டுந்தானா, உங்களுக்கும் உண்டா?"

வக்கீலம்மாகிட்ட கேட்டுச் சொல்றேன்னேன். இன்னும் கேக்கல.

யோசிச்சுப் பாத்தா, தெருவே பாக்குற மாதிரி கத்துவோம்னு அந்த ஃபைனான்ஸ்காரன் சொன்னது நெசந்தான். இத்தன மாசமா கத்துவேன் கத்துவேன்னானே தவிர, அவன் ஒரு நாளும் வரல. வந்து கத்துனது யாரு? சம்பளம் இல்லாம, பெட்ரோல் செலவு இல்லாம, கம்பெனிக்கு இப்புடி ஒரு ஆளு கெடைக்குமா?

சிரிக்கிறீங்களா? உங்க வூட்ல பூட்டு போட்ட போன் இல்லன்னு தப்பிச்சுட்டதா நெனப்பா? சரி, உங்க எதிர்வூட்டு வண்டி ரெண்டு நாளா வாசல்ல நிக்கலையே, கவனிச்சீங்கல்ல? ஏன் நிக்கலன்னும் ஒரு யோசன ஓடுதுல்ல? இதப் படிச்சு முடிச்சதும் யாருகிட்ட சொல்லப் போறீங்கன்னு எனக்குத் தெரியும். போய்ட்டு வாங்க.

கரண்டிய மட்டும் வூட்லயே வச்சுட்டுப் போங்க.