கொக்கி சார் இன்னும் வரவில்லை

ஞாயிற்றுக்கிழமை காலையில் கட்டிலுக்கு அடியில் கூட்டிக்கொண்டிருந்தேன். துடைப்பம் எதிலோ ணங்கென்று இடித்தது. குனிந்து பார்த்தால் என் வீட்டுக்காரரின் டூல் பாக்ஸ்.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

என் வீட்டுக்காரர் தண்ணீர் மோட்டார் ரிப்பேர் செய்கிறவர். ஏதோ பெரிய கட்டடத்தில் மோட்டார் எரிந்துவிட்டது, பேஸ்மெண்டுக்குள் இறங்கினால் சிக்னல் இருக்காது, போன் பண்ணிக்கொண்டே இருக்காதே என்று சொல்லிவிட்டு அப்போதுதான் கிளம்பிப் போயிருந்தார். டூல் பாக்ஸ் இல்லாமல் எரிந்த மோட்டாரை என்ன செய்யப்போகிறார்? அதற்கு ஆறுதல் சொல்லப்போகிறாரா? இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் போனார். கிரீஸில் கை விடப் போகிறவர் யாராவது வெள்ளைச் சட்டை போடுவார்களா?

மற்ற நாளாக இருந்தால் வந்ததும் கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டிருப்பேன். அன்றைக்கு என் தம்பி வீடு மாறுகிறான். சாயங்காலத்துக்குள் பழைய வீட்டைக் காலி செய்து சாவியைக் கொடுத்தாக வேண்டும். அடுத்துக் குடிவருகிறவர்கள் சாமானோடு வந்து நிற்பார்கள். எல்லாம் வேனில் ஏறியாகிவிட்டது, கண்ணாடி வைத்த பெரிய அலமாரி ஒன்றைத் தவிர. அதைத் தம்பியின் கல்யாணத்துக்கு மாட்டிக் கொடுத்தவர் இவர்தான். மோட்டாருக்குப் போடுகிற நட்டும் போல்ட்டுமாகப் போட்டு முறுக்கி வைத்திருக்கிறார். கழற்ற வந்த தச்சர் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, இது அலமாரியா பம்ப் செட்டா என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாராம். இவர் கை பட்டால்தான் அது கழலும். "அத்தான் வருவார்லக்கா?" என்று தம்பி கேட்டபோது, "வராம எங்க போவார்?" என்று பெருமையாகச் சொல்லியிருந்தேன்.

இப்போது நானே அதைக் கேட்க வேண்டியதாகிவிட்டது. எங்கேதான் போனார்?

போன் எடுக்கவில்லை. நான் அணைத்த அடுப்பை அணைத்தேனா என்று திரும்பத் திரும்பப் போய்ப் பார்க்கிறவள். நெஞ்சு வலி வந்து, என்னிடம் சொல்லாமல் ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பாரோ? ஆஸ்பத்திரிக்கு வெள்ளைச் சட்டை போடுவார்களா? போடுவார்கள். வேறு எவளாவது இருக்கிறாளோ? அதற்கும் போடுவார்கள்.

மாடி வீட்டுக்காரியிடம் ஓடினேன். அவள் போன் கடையில் வேலை பார்க்கிறவள். நான் மூச்சு வாங்கச் சொன்னதைக் கேட்டுவிட்டு அவள் சிரித்தாள்.

"அண்ணன் எங்கயும் ஓடிடலக்கா. இன்னிக்கு அவரோட முறை."

"எதுக்கு முறை?"

"கேக்கறதுக்கு."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் தன் போனை எடுத்துக் காட்டினாள். 'பின்னணி' என்று ஒரு குரூப். சினிமாப் பின்னணி இசை கேட்கிறவர்களின் குரூப். பாட்டு ஆகாது. பாட்டுக்கு நடுவில், பேச்சுக்கு அடியில், அழுகைக்குப் பின்னால் வருகிற சத்தம் மட்டும்தான். இவர் தெரிந்தவர்களையெல்லாம் அதில் சேர்த்துவிடுவாராம். தன்னையும் சேர்த்துவிட்டார், தான் சத்தத்தை அணைத்து வைத்திருப்பதாகச் சொன்னாள்.

வாங்கிப் படித்தேன். "இப்போது கேட்பது: ரயில் படம், கொலைக்குப் பிறகு வருவது. மனசுக்கு இதமாக இருக்கிறது." அதற்குக் கீழே இன்னொருவர்: "இப்போது கேட்பது: டாக்டர் படம், ஆபரேஷன். காலையில் இதைக் கேட்காவிட்டால் எனக்கு நாள் ஓடாது." எனக்குத் தலை சுற்றியது. இத்தனை பேர் விடிந்ததும் விடியாததுமாகக் கொலையும் ஆபரேஷனும் கேட்டு மனசைத் தேற்றிக்கொள்கிறார்கள்.

யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது. ஒருவர் 'மூன்றாம் வயலின்'. ஒருவர் 'இடைவேளை'. என் வீட்டுக்காரர் பெயர் 'மௌனம்'. அந்த மனிதர் வாய் மூடி நான் பார்த்ததில்லை.

மாதம் ஒருவர் நல்ல ஸ்பீக்கருக்கு முன்னால் நின்று, தனக்குப் பிடித்த இசையைப் போட்டுக் காட்டிப் பேசலாமாம். அதற்கு வரிசை உண்டு. இவருக்கு வெகு நாளாக வராத முறை, தம்பி வீடு மாறுகிற ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து வந்திருக்கிறது. எந்த இடம் என்று தேடினோம். "வழக்கமான இடத்தில்" என்று மட்டும் போட்டிருந்தது.

"நான் கேட்டா சொல்ல மாட்டார்க்கா. என்னைத் தெரியும். உடனே உஷாராயிடுவார்."

அப்போதுதான் எனக்கு யோசனை வந்தது. என் வீட்டுக்காரரைச் சாப்பிடக் கூப்பிட்டால் வரமாட்டார். சாதம் ஆறி, குழம்பு ஆறி, நானும் ஆறிப்போவேன். ஆனால் அவர் போட்டிருக்கும் இசையைப் பற்றித் தப்பாக ஒன்று சொன்னால் போதும், குளித்துக்கொண்டிருந்தாலும் வந்துவிடுவார். அவருக்குப் பிடித்த ஒரு கப்பல் படத்து இசையைப் போட்டிருக்கும்போது, "புல்லாங்குழல் நல்லா இருக்கே" என்று சும்மா சொல்லுவேன். தலையில் சோப்பு நுரையோடு கதவைத் திறந்து, "அது புல்லாங்குழல் இல்ல, கிளாரினெட்" என்பார். வந்ததுதான் வந்தீர்கள் சாப்பிடுங்கள் என்று தட்டை வைப்பேன். பல வருஷமாக இந்த வீட்டில் சாப்பாடு நடப்பது இப்படித்தான்.

மாடி வீட்டுக்காரி கடை போன் ஒன்றை எடுத்து வந்து என்னைக் குரூப்பில் சேர்த்தாள். என்ன பெயர் போட என்று கேட்டாள். என் முந்தானையில் தைக்க எடுத்த கொக்கி ஒன்று குத்தியிருந்தது. "கொக்கின்னு போடு" என்றேன்.

அவர்கள் அன்றைக்குக் கேட்கப்போவது அதே கப்பல் படத்து இசைதானாம். அடுத்த அறையிலிருந்து கேட்டுக் கேட்டு எனக்கு மனப்பாடம். ஆனாலும் தப்பாகச் சொல்ல வேண்டுமே. "கப்பல் முழுகுற இடத்துல ஒண்ணுமே கேக்கல. வேலையே செய்யாம விட்டுட்டாங்க போல" என்று எழுதச் சொன்னேன். இவர் பாய்ந்து வருவார் என்று காத்திருந்தோம்.

வந்தது வேறு ஆள். "கொக்கி சார், ஊரே புகழ்ந்த இடத்தைத் தொட்டுவிட்டீர்கள். உங்கள் தைரியத்துக்கு வணக்கம்." இன்னொருவர், அங்கே இசை இல்லாததுதான் இசை என்றார். மூன்றாவதாக ஒருவர், இரண்டு பேர் சொல்வதும் ஒன்றுதான் என்றார். உடனே முதல் இருவரும் சேர்ந்துகொண்டு அவரைத் திட்டினார்கள்.

"இசை இல்லாததுதான் இசைன்னா, இருக்கிறதுக்கு என்ன பேரு?" என்று கேட்டேன்.

"எனக்குத் தெரியாதுக்கா. நான் சத்தத்த அணைச்சு வச்சிருக்கேன்."

தம்பி போன் செய்தான். "அக்கா, அத்தான் கிளம்பிட்டாரா?"

"கிளம்பிட்டார்" என்றேன். அதில் பொய் ஒன்றும் இல்லை.

சரி, கைகண்ட மருந்தையே போடுவோம் என்று, "கடைசியில ஊதுறது புல்லாங்குழல்தானே?" என்று எழுதச் சொன்னேன். 'மூன்றாம் வயலின்' வந்தார். "சபாஷ் கொக்கி சார். கிளாரினெட்டுக்குப் பின்னால் ஒரு புல்லாங்குழல் மெலிசாக ஒளிந்திருக்கிறது. நல்ல காதுக்குத்தான் அது கேட்கும்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் தப்பாகச் சொன்னது சரியாம். அப்படியானால் இத்தனை வருஷம் சோப்பு நுரையோடு வந்து என்னைத் திருத்திய மனிதர்? அதைப் பற்றி அழுவதா சிரிப்பதா என்று யோசிக்க அன்றைக்கு நேரம் இல்லை. தப்பாகப் பேசக்கூட எனக்குத் துப்பில்லையே என்றுதான் ஆத்திரம் வந்தது. அந்த ஆத்திரத்தில் மனசில் இருந்ததையே சொல்லிவிட்டேன்.

"பெரிய ஸ்பீக்கர்ல கேட்டா வெறும் இரைச்சல். அடுத்த ரூம்ல வேலை பாத்துக்கிட்டே, சாத்தின கதவு வழியா கேட்டாத்தான் நல்லா இருக்குன்னு போடு."

குரூப் அடங்கிவிட்டது. இழவு வீட்டில் யாரோ சிரித்துவிட்டது போல ஓர் அமைதி. பிறகு, 'மௌனம்' எழுதிக்கொண்டிருக்கிறார் என்று காட்டியது. எழுதினார், எழுதினார், எழுதிக்கொண்டே இருந்தார். பேஸ்மெண்டில் சிக்னல் நன்றாகத்தான் இருக்கிறது.

"மதிப்பிற்குரிய கொக்கி சார். சாத்திய கதவு வழியாகக் கேட்பது, உறையைப் பிரிக்காமல் மிட்டாய் தின்பது போன்றது. தாங்கள் நல்ல ஸ்பீக்கரில் கேட்டதில்லை என்பது என் தாழ்மையான கருத்து. தயவுசெய்து இப்போதே புறப்பட்டு வாருங்கள். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் பல் டாக்டர் கிளினிக், மாடி. பச்சைக் கேட். தாங்கள் வரும்வரை கடைசிப் பகுதியைப் போடாமல் வைத்திருக்கிறேன்."

மனைவிக்கு இப்படி ஒரு வரி எழுதியிருப்பாரா இந்த மனிதர்?

தம்பியை வேனோடு வரச் சொன்னேன். டூல் பாக்ஸை மடியில் வைத்துக்கொண்டு முன் சீட்டில் உட்கார்ந்தேன். கடை போன் என் பையில் இருந்தது. வழியெல்லாம் டிங் டிங் என்று அடித்துக்கொண்டே வந்தது.

பச்சைக் கேட்டைத் தாண்டி மாடி ஏறினேன். சுவரெல்லாம் பல் படம். ஆண்களும் பெண்களுமாகப் பத்துப் பன்னிரண்டு பேர், பல் பிடுங்கக் காத்திருக்கிறவர்கள் மாதிரி வரிசையாகக் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்கள். இவர் முன்னால் நின்றுகொண்டிருந்தார். வெள்ளைச் சட்டை. ஒரு கை மேலே நின்றது.

"எல்லாரும் படகுக்கு ஓடறாங்க. அந்த அம்மா மட்டும் பிள்ளைக்குச் சட்டை மாட்டிவிடறா. ஒரே ஒரு கம்பி வாத்தியம்தான். அவ அவசரப்படல, கேளுங்க. பொத்தான் பொத்தானா போடறா."

வாய்வரை வந்த திட்டு அங்கேயே நின்றுவிட்டது. இதை எனக்கும் ஒருநாள் சொல்ல வந்தார். நான் மாவு அரைத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பொத்தானெல்லாம் போட்டு முடியட்டும் என்று வாசலிலேயே நின்றேன். கண் எரிந்தது. கிளினிக் மருந்து வாடையாக இருக்கும்.

இசை நின்றதும் என்னைப் பார்த்தார். மேலே நின்ற கை மெதுவாகக் கீழே வந்தது.

"நீ எப்படி இங்க?"

"பேஸ்மெண்ட் மோட்டார் சத்தம் ரோடு வரைக்கும் கேட்டுது" என்றேன். "டூல் பாக்ஸ மறந்துட்டுப் போயிட்டீங்க. கொண்டுவந்தேன்."

அதற்குள் ஒரு பெரியவர் எழுந்து வந்து கையைக் கூப்பினார். "நீங்க கொக்கி சார் வீட்டம்மாவா? சார் பின்னால வர்றாரா?"

என்ன பதில் சொல்வேன்? இல்லை என்றால் பாதிப் பொய், ஆமாம் என்றால் முழுப் பொய். இது என் மனைவி என்று இவர் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு சொன்னார். தம்பி கீழே ஹாரனை அமுக்கினான். இவர் என்னை ஓரமாக இழுத்துக்கொண்டு போனார்.

"கொஞ்ச நேரம் பொறு. ஒருத்தர வரச் சொல்லியிருக்கேன். நல்ல காது உள்ள மனுஷன்."

"அவர் வரமாட்டார்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"மணியாச்சு, இனிமே யார் வருவாங்க?"

என்னோடு இறங்கி வந்தார். வேனில் ஒரு வார்த்தை பேசவில்லை. அன்றைக்குத்தான் அவர் பெயர் அவருக்குப் பொருந்தியது.

மாடியில் இருந்த பழைய வீட்டுக்குப் போனதும் வெள்ளைச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். தச்சரே கைவிட்ட நட்டெல்லாம் இவர் ஸ்பேனரைக் கண்டதும் தானாகச் சுற்றின. கண்ணாடி தனியாக, கதவு தனியாக இறங்கியது. மிச்சம் வெறும் கூடுதான். வேன் டிரைவர் தனக்கு இடுப்பு வலி என்று முன்பே சொல்லிவிட்டதால், தம்பி கீழ்ப் பக்கம், இவர் மேல் பக்கம். நான் இவருக்குப் பின்னால் நின்று, சுவரில் இடிக்காதீர்கள் என்று சொல்லிக்கொண்டே வந்தேன். மாடிப்படி திரும்புகிற இடத்தில் அலமாரி வழியை அடைத்துக்கொண்டு நின்றது. அங்கே இறக்கி வைத்து மூச்சு வாங்கினார்கள். அந்தப் பக்கம் தம்பி. இந்தப் பக்கம் நாங்கள். நடுவில் ஒரு ஈ நுழைய இடமில்லை.

இவர் போனை எடுத்தார். முகம் தொங்கிப்போய்விட்டது.

"நான் கூப்பிட்ட ஆளு. அவ்வளவு தூரம் வந்து பாத்து, நான் இல்லன்னு திரும்பிப் போயிருப்பார். எவ்வளவு கேவலம்."

படியில் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தார். எழுதியதை எனக்கும் வாசித்துக் காட்டினார். "கொக்கி சார், மன்னிக்க வேண்டும். அடுத்த ஞாயிறு தாங்களும் குரூப் முழுவதும் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வர வேண்டும். தாங்கள் சொன்னபடி, அடுத்த அறையிலிருந்து, சாத்திய கதவு வழியாகவே கேட்போம். என் மனைவி நன்றாகச் சமைப்பாள். தங்களுக்கு என்ன பிடிக்கும்?"

அனுப்பினார். கீழே, வேன் முன் சீட்டில் நான் வைத்துவிட்டு வந்த பைக்குள் கடை போன் டிங் என்றது.

இவர் காதைக் கூர்மையாக்கிக்கொண்டார். எனக்கு உயிரே இல்லை.

"கேட்டியா?" என்றார். "நான் அனுப்பவும் அது அடிக்கவும் சரியா இருந்துது. என்ன ஒரு டைமிங். கொக்கி சார் இருந்திருந்தா ரசிச்சிருப்பார்."

"சரி, தூக்குங்க. நேரமாகுது. அவங்க சாமானோட வந்துடுவாங்க."

"அவர் பதில் போடட்டும். மனசு ஆறாம என்னால ஒரு துரும்பத் தூக்க முடியாது." போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அலமாரிக்கு அந்தப் பக்கத்திலிருந்து தம்பியின் குரல் வந்தது. "அக்கா, அத்தான் என்ன பண்றார்?"

"கொக்கி சாருக்காகக் காத்திருக்கார்."

"அவர் எப்ப வருவார்?"

அலமாரி நகர்ந்து, நான் கீழே இறங்கினால்தான் அவர் வருவார் என்பதை நான் யாரிடம் போய்ச் சொல்வது?