தலைப்பில் இருக்கிறது சூட்சுமம்

கண்ணீர்தான் வரமாட்டேன் என்று அடம்பிடித்தது.

நம்மவர் சமையலறை மேடையில் கைபேசியைச் சாய்த்து வைத்துவிட்டு, அதன் முன்னால் முகத்தை எட்டுக் கோணலாக்கிக்கொண்டு நின்றார். வீடியோ தயார். முட்டை உடைப்பது, வாணலி கருகுவது, ஜன்னலைத் திறந்து துண்டால் புகையை விரட்டுவது என்று எல்லாம் பதிவாகிவிட்டது. மனைவி அலுவலகப் பயிற்சிக்காக வெளியூர் போயிருக்கும்போது ஓர் ஆண்பிள்ளை தனியாகக் காலம் தள்ளுவது எப்படி என்பதுதான் விஷயம். வீடியோவின் முகப்பில் தம்ப்நெயிலாகப் போட ஒரு சோகமான படம் மட்டும் பாக்கி.

தம்ப்நெயில் என்றால் சும்மாவா? 'புதிய படைப்பாளிகளுக்கான பாடங்கள்' என்று ஆன்லைனில் வகுப்பு நடத்தும் கோச் கரடியாகக் கத்தியிருந்தார். "வீடியோவை யாருங்க முழுசா பாக்கறாங்க? தலைப்பையும் தம்ப்நெயிலையும்தான் பாக்கறாங்க. சும்மா போறவன் சட்டையைப் பிடிச்சு இழுத்து நிறுத்தணும்!"

நம்மவருக்கு டைல்ஸ் கடையில் விற்பனையாளர் வேலை. எந்தக் கல் குளியலறையில் வழுக்கும், எது வழுக்காது என்று வாடிக்கையாளரிடம் மூச்சுவிடாமல் பேசுகிறவர், அந்த வாயைக் கேமராவுக்கும் வாடகைக்கு விடலாமே என்று சேனல் ஆரம்பித்தார். "வணக்கம் மக்களே!" என்று ஒவ்வொரு வீடியோவிலும் கத்தியதில், குடியிருப்பில் அவருக்கு 'மக்களே அண்ணன்' என்ற பெயர் கிடைத்தது. மக்கள்தான் கிடைக்கவில்லை. பார்த்தவர்கள் எண்ணிக்கையில் பாதி அவரே திரும்பத் திரும்பப் பார்த்தது.

கடைசியில் ஒரு வெங்காயத்தை எடுத்து நறுக்கினார். கண்ணீர் கொட்டோ கொட்டென்று கொட்டியது. படம் பிரமாதமாக வந்தது. தலைப்பு தானாக உதித்தது.

'மனைவி என்னை விட்டுட்டுப் போயிட்டா! இனி என் கதி?'

பொய்யா என்றால் பொய் இல்லை. அவரை விட்டுவிட்டுத்தானே பயிற்சிக்குப் போயிருக்கிறாள்? கூடவா கூட்டிக்கொண்டு போனாள்? மனசாட்சியை இப்படி ஓரமாக உட்கார வைத்துவிட்டு வீடியோவை ஏற்றினார்.

குளித்துவிட்டு வந்து பார்த்தால், எண்ணிக்கை பால் பொங்குகிற மாதிரி ஏறிக்கொண்டிருந்தது. நம்மவர் ஈரத் துண்டோடு ஹாலில் ஓர் ஆட்டம் போட்டார். ஆட்டம் முடிவதற்குள் அழைப்பு மணி அடித்தது.

வாசலில் அக்கா. கையில் பெரிய பை, கண்ணில் நிஜக் கண்ணீர்.

"டேய் தம்பி! இப்படிப் பண்ணிட்டாளேடா!"

"யாருக்கா? என்ன பண்ணிட்டா?"

"என்கிட்டயே மறைக்கிறியா? உலகத்துக்கே சொல்லிட்டு அக்காகிட்ட மறைக்கிறியா?" அவள் அவர் தலையை இழுத்துத் தோளில் சாய்த்துக்கொண்டாள். "அழுதுடு. அடக்கி வைக்காத."

"ஐயோ அக்கா, அவ ட்ரெய்னிங் போயிருக்கா! நாளைக்குச் சாயங்காலம் வந்துடுவா. நீ வீடியோவைப் பாத்தியா இல்லையா?"

"அதை எங்கடா பாக்கறது? தலைப்பைப் படிச்சதுமே கண்ணு இருட்டிடுச்சு. சித்தி, பெரியப்பா, சின்ன அத்தை எல்லாருக்கும் போன் போட்டுச் சொல்லிட்டுத்தான் கிளம்பினேன்."

நம்மவர் மனைவிக்கு ஒரே ஒரு விஷயம்தான் பிடிக்காது. வீட்டு விஷயம் வெளியே போவது. நாளைக்கு அவள் வந்து இறங்கும்போது இது காதில் விழுந்தால், தலைப்பு நிஜமாகிவிடும். அதற்குள் எப்படியாவது இதை ஊற்றி மூடியாக வேண்டும்.

வீடியோவை அழித்துவிட்டால் விஷயம் முடிந்தது. கட்டைவிரல் அழிக்கும் பொத்தானுக்குப் போகவும் போனது. ஆனால் எண்ணிக்கை இன்னும் ஏறிக்கொண்டிருந்தது. கோச்சின் இன்னொரு பாடமும் ஞாபகம் வந்தது. "ஏத்தினதை அழிக்காதீங்க! சந்தேகம்னா அடுத்த வீடியோ போடுங்க!"

போட்டார். மனைவி பல் மருத்துவமனையில் கணக்குப் பார்க்கிறாள், புது பில்லிங் மென்பொருளுக்குப் பயிற்சி, அவ்வளவுதான் மக்களே என்று பொறுமையாக விளக்கினார். அதற்குத் தலைப்பு 'ஒரு விளக்கம்' என்று வைத்தால் ஈகூடப் பார்க்காது. ஆகவே, 'என் மனைவி எங்கே? உண்மையை உடைக்கிறேன்!'

அரை மணி நேரத்தில் வீட்டுக்காரர் மாடியேறி வந்துவிட்டார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"எங்கப்பா அந்தப் பொண்ணு?"

"ட்ரெய்னிங்ல சார்."

"உண்மையை உடைக்கிறேன்னு போட்டிருக்கியே. என்ன உடைச்ச?" அவர் பதிலுக்குக் காத்திராமல் படுக்கையறைக்குள் நுழைந்தார். கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தார். பரணை எட்டிப் பார்த்தார். அலமாரியைத் திறந்தார்.

"இந்தப் பக்கம் பூரா காலியா இருக்கே?"

"போட்டுக்கத் துணி வேணாமா சார்?"

"மூணு நாளைக்கு ஸ்வெட்டர் எல்லாமா எடுத்துட்டுப் போவாங்க?"

"அங்க ஏசி ரொம்ப அதிகமாம் சார்."

வீட்டுக்காரர் அவரை மேலும் கீழும் பார்த்தார். "இதோ பாரு தம்பி, குடும்பஸ்தன்னு சொல்லித்தான் வீடு விட்டேன். நாளைக்குச் சாயங்காலம் அந்தப் பொண்ணை என் கண்ணால பாக்கணும். இல்லேன்னா வேற வீடு பாத்துக்க."

அவர் படி இறங்கின கையோடு கடை மேனேஜர் போன் செய்தார். குரலில் தேன் சொட்டியது.

"நீங்க ஒரு வாரம் கடைப்பக்கமே வர வேணாம். ரெஸ்ட் எடுங்க."

"சார், அப்படி ஒண்ணும் ஆகல. நல்லாத்தான் இருக்கேன்!"

"புரியுது, புரியுது. எனக்கும் மனசு இருக்கு. ஆனா பாருங்க, புது வீடு கட்டறவங்க ஆசையா டைல்ஸ் வாங்க வராங்க. அவங்க முன்னாடி நீங்க நின்னா நல்லாவா இருக்கும்? வந்தீங்கன்னா குடோன்ல இருங்க."

"சார், வீடியோவைக் கொஞ்சம் பாத்தீங்கன்னா..."

"தலைப்பே போதும், மனசு கேக்கல," என்று சொல்லி அவர் வைத்துவிட்டார்.

இனி மனைவியே வாயைத் திறந்து சொன்னால்தான் உண்டு. போன் செய்தார். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. பயிற்சி நேரத்தில் கைபேசியை வாங்கி வைத்துக்கொள்வார்கள் என்று அவள் முன்பே சொல்லியிருந்தாள். சரி என்று மாமியாரை அழைத்தார்.

"அத்தை, யாராவது எதையாவது சொன்னா நம்பாதீங்க. எல்லாம் ஒரு வீடியோவால வந்த வினை. அவ ட்ரெய்னிங் போயிருக்கா, அவ்வளவுதான்."

அந்தப் பக்கம் கதவைச் சாத்தும் சத்தம் மட்டும் கேட்டது.

"அத்தை? லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன் மாப்பிள்ளை... ட்ரெய்னிங்தான். நீங்க வேளாவேளைக்குச் சாப்பிடுங்க. உடம்பைப் பாத்துக்குங்க."

"அவ கூப்பிட்டா எனக்குப் பேசச் சொல்லுங்க அத்தை."

"சொல்றேன் மாப்பிள்ளை," என்றார் மாமியார். உடனே போனை வைத்துவிட்டார். உறவுக்காரர்கள் அவரையும் அழுது பயமுறுத்தியிருப்பார்கள் என்று நம்மவர் அக்காவை முறைத்தார்.

மறுநாள் காலை, ஆனது ஆகட்டும் என்று நேரலையில் வந்தார். நேரலையில் ஜனங்களோடு நேருக்கு நேர் பேசினால் புரிந்துவிடும் என்பது கணக்கு. தலைப்பு 'மன்னிச்சிடு!' கேள்விகள் மழையாகக் கொட்டின. 'அண்ணா, அப்படி என்ன பண்ணீங்க?' 'அண்ணி பாவம்.' 'தப்பு உங்க மேலதான், முகத்தைப் பாத்தாலே தெரியுது.'

"நான் ஒரு தப்பும் பண்ணல மக்களே! ஷூட்டிங் முடியற வரைக்கும் சாப்பாட்டைத் தொடாதன்னு சொல்வேன், ஆறிடும், அவ்வளவுதான். அவ பிறந்தநாளுக்கு வாழ்த்துச் சொன்னேன், ஃபோகஸ் போயிடுச்சு, மறுபடி வாசலுக்குப் போய் ஆச்சரியப்பட்டுட்டே வான்னேன். அவங்க அப்பாவை ஆஸ்பத்திரியில சேத்த அன்னைக்கு அழுதுட்டே வந்தா. லைட்டுக்குப் பக்கத்துல வந்து அழும்மான்னு..."

திரையில் கருத்துகள் பறந்துகொண்டிருந்தன. அவர் ஒன்றையும் படிக்கவில்லை. நேரலையை அணைத்தார்.

காய் நறுக்கிக்கொண்டிருந்த அக்கா நிமிர்ந்து பார்த்தாள். "ஏன்டா நிறுத்திட்ட? நல்லாத்தானே போயிட்டிருந்தது?"

"அக்கா, கிளம்பும்போது அவ ஏதோ சொல்ல வந்தா. நான்தான், ஒரு நிமிஷம் இரு, ரெக்கார்டு ஆகுதுன்னு கையைக் காட்டிட்டேன்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, போயிட்டா. நான் எடிட்டிங்ல உக்காந்துட்டேன்." அவர் மூக்கை உறிஞ்சினார். பக்கத்தில் வெங்காயம் எதுவும் இல்லை. "அவ இல்லாம வீடு வீடாவே இல்லக்கா. பல்லு தேய்க்கறதுலேருந்து எல்லாத்துலயும் அவ ஞாபகம் வருது. எனக்குச் சேனலும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

சொன்னதோடு நிற்கவில்லை. எல்லா வீடியோக்களையும் அழித்தார், கருகின வாணலி உட்பட. ஹாலில் நட்டுவைத்திருந்த விளக்குகளைப் பிடுங்கிப் பரணில் போட்டார். அவற்றால் மறைந்திருந்த சோபா இரண்டு வருடத்துக்குப் பிறகு வெளிச்சத்துக்கு வந்தது. கோச்சின் வகுப்பிலிருந்து விலகினார். வாணலியைச் சாம்பல் போட்டுத் தேய்த்து, தரையைத் துடைத்து, ஜன்னல் கம்பிவரை பளபளவென்று ஆக்கினார். அவளிடம் என்ன சொல்வது என்று கண்ணாடி முன்னால் நின்று ஒத்திகை பார்த்தார். ஒரே வாக்கியம்தான்: "நீ சொல்லு, நான் கேக்கறேன்." அவருடைய கைபேசி அணைந்து கிடந்தது.

சாயங்காலம் அழைப்பு மணி அடித்தது.

"வந்துட்டா!" என்று நம்மவர் பாய்ந்தார். அக்காவும் புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு பின்னால் ஓடிவந்தாள். தன் கண்ணால் பார்க்க வேண்டும் என்று வீட்டுக்காரரும் பாதிப் படியில் காத்திருந்தார்.

கதவைத் திறந்தால் வேன் டிரைவர் ஒருவர், தோளில் கயிற்றுச் சுருளோடு நின்றார்.

"மக்களே அண்ணன் வீடு இதுதானே சார்? உங்க வீட்டம்மா அவங்க மிச்ச சாமானையும் ஏத்திட்டு வரச் சொன்னாங்க. உங்ககிட்ட இதை எப்படிச் சொல்றதுன்னு தெரியாமத்தான் ட்ரெய்னிங்னு சொல்லிட்டு வந்தாங்களாம்... நீங்களே புரிஞ்சுக்கிட்டு ஊருக்கெல்லாம் சொல்லிட்டீங்களாமே, ரொம்ப நன்றின்னு சொல்லச் சொன்னாங்க!"