நூற்று நாற்பதுக்கு இன்னும் இரண்டு புள்ளி

வண்ணார்பேட்டை,
திருநெல்வேலி.
9.8.1996, வெள்ளி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முன்பின் தெரியாத ஒருத்தி இப்படி நீளமாக எழுதுவதற்கு முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். பத்திரிகைக்கு எழுதும் பழக்கம் எனக்கு இல்லை. கல்லூரி ஆண்டு மலருக்கு நாலு வரி கேட்டபோதுகூடக் காய்ச்சல் என்று சொல்லித் தப்பித்தவள். தாங்களும் தங்கள் அலுவலகத்தில் உள்ளவர்களும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். வாரந்தோறும் ஊருக்கெல்லாம் நலம் சொல்கிறவர்களே நலமாக இல்லையென்றால் எங்கள் பாடு என்ன ஆவது?

என் பெயர் வேணி. பி.எஸ்ஸி. வேதியியல். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அப்பா தாணுமாலையன், ஜங்ஷன் பஸ் நிலையத்தில் ஒரு தனியார் பஸ் கம்பெனிக்கு டைம் கீப்பர். எந்த வண்டி எப்போது வந்தது, எப்போது கிளம்ப வேண்டும் என்று குறித்து, விசில் ஊதி அனுப்புகிற வேலை. ஜூன் கடைசியில் ஒருநாள் வாயில் விசிலோடு அப்படியே சாய்ந்துவிட்டார். டாக்டர் பார்த்துவிட்டு, இரத்த அழுத்தம் நூற்று எழுபது என்றார். நூற்று நாற்பதுக்கு இறங்கும்வரை மாத்திரை தவறக் கூடாது, கோபம் கூடாது, அதிர்ச்சியான செய்தி எதையும் காதில் போடக் கூடாது என்றும் சொன்னார். அதற்குப் பத்தாம் நாள் எனக்கு ஒசூரிலிருந்து வேலை உத்தரவு வந்தது. மருந்துக் கம்பெனி ஒன்றின் பரிசோதனைக் கூடத்தில் வேலை, விடுதி அவர்களே தருகிறார்கள், ஆகஸ்டு பத்தொன்பது, திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குச் சேர வேண்டும். வராவிட்டால் அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவார்களாம்.

எங்கள் வீட்டில் இதுதான் அதிர்ச்சியான செய்தி. நான் வேலைக்குப் போவதில் அப்பாவுக்கு மறுப்பு இல்லை. ஒரே ஒரு சட்டம் வைத்திருக்கிறார். "காலையில போவுத வண்டிக்கு சாயங்காலம் திரும்பி வார வண்டி இருக்கா? அப்பம் அந்த ஊருக்குப் போ." திசையன்விளைக்குப் போகலாம், சங்கரன்கோவிலுக்குப் போகலாம். ஒசூருக்குப் போய் அன்றே திரும்பி வரும் வண்டியை இனிமேல்தான் யாராவது கண்டுபிடிக்க வேண்டும். அம்மா உலகம்மாள் உத்தரவை வாங்கி இரண்டு முறை புரட்டிப் பார்த்துவிட்டு, "ஏட்டி, இப்பம் மூச்சு விடாத. பிரஷர் நூத்தி நாப்பதுக்கு எறங்குத அன்னைக்கு நானே கவரை அவுக கையில குடுக்கேன்" என்று சொல்லி, அதைக் காப்பித்தூள் டப்பாவுக்குள் போட்டு மூடினாள். அப்பாவுக்குக் காப்பி நிறுத்தியாகிவிட்டது, அந்த டப்பாவை யாரும் திறக்கப்போவதில்லை என்பது அவள் கணக்கு.

அந்தச் சமயத்தில்தான் தங்கள் இதழில் 'நாற்பத்தெட்டு நாளில் நலம்' அட்டவணை வர ஆரம்பித்தது. நாளுக்கு ஒரு கட்டம், கட்டத்துக்கு நாலைந்து பழக்கம். நானும் அம்மாவும் வாயால் சொன்னதை அப்பா ஒருநாளும் கேட்டதில்லை. அச்சில் வந்தால் கேட்பார். டிரைவர்கள் ஆயிரம் சாக்குச் சொல்லும்போது அச்சடித்த கால அட்டவணையைக் காட்டியே வாயடைத்துப் பழகியவர் அவர். தங்கள் அட்டவணையை அடுக்களைக் கதவில் ஒட்டி, பக்கத்தில் பென்சிலைக் கட்டித் தொங்கவிட்டு, ஜூலை ஐந்திலிருந்து எங்கள் மூவரையும் மூன்று வண்டிகளாக ஓட்டிக்கொண்டிருக்கிறார். ஐந்து மணிக்கு வெந்நீர். ஐந்து பத்துக்கு நடை. நான் ஐந்து பன்னிரண்டுக்குச் செருப்பைப் போட்டால் 'வேணி, 2 நிமிடம் தாமதம்' என்று கதவில் எழுதுகிறார்.

நடப்பது ஆற்றுப் பாலம்வரை. காற்று நன்றாக இருக்கும், மனம் அடங்கும் என்று நினைத்தோம். பாலத்தின்மேல்தான் ஊரிலுள்ள அத்தனை பஸ்ஸும் போகிறது என்பதை மறந்துவிட்டோம். மூன்றாம் நாளே எதிர்க் கம்பெனி வண்டி ஒன்று நடுப்பாலத்தில் நின்று ஆள் ஏற்றியது. அப்பா கைகளை விரித்துக்கொண்டு அதன் முன்னால் போய் நின்றுவிட்டார். டிரைவர் தலையை நீட்டி, "அண்ணாச்சி, நீரு நடக்க வந்தீரா, செக்கிங்குக்கு வந்தீரா?" என்றார். "நடக்கத்தான் வந்தேன் வே. நடக்கும்போது கண்ணை வீட்டுல வச்சிட்டா வர முடியும்?" "அப்பம் கண்ணை ஆத்தப் பாத்து வச்சுட்டு நடையும். ஒடம்புக்கு நல்லது." பஸ்ஸிலிருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு ஆற்றில் குதித்துவிடலாம் போல இருந்தது. அம்மாவோ அப்பாவின் நெற்றி நரம்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

காலை ஆறு பத்துக்கு, 'ஐந்து நிமிடம் வாய்விட்டுச் சிரிக்கவும்' என்று போட்டிருந்தீர்கள். முற்றத்தில் மூன்று பேரும் வரிசையாக நின்று சிரித்தோம். அப்பா கையில் கடிகாரம். ஒரு நிமிடத்திலேயே அம்மாவுக்குச் சிரிப்புத் தீர்ந்துவிட்டது. "உலகு, இன்னும் நாலு நிமிசம் இருக்கு, சிரி" என்று அப்பா அதட்டினார். அந்த அதட்டலில் அம்மாவின் சிரிப்பு வேறு மாதிரி ஒலிக்க, அடுத்த வீட்டு ஜமீலா பீவி அக்கா முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு ஓடி வந்துவிட்டார்கள். "ஏ உலகம்மா, யாருக்கு என்னம்மா ஆச்சு?" ஒன்றும் இல்லை, ஆரோக்கியத்துக்காகச் சிரிக்கிறோம் என்று நான் சொன்னேன். அந்த அக்கா எங்கள் மூவரின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "சிரிங்க, சிரிங்க. எதுக்கும் டாக்டர்ட்ட பைய ஒரு வார்த்தை கேட்டுக்கிடுங்க" என்று சொல்லிப் போனார்கள்.

உப்பு விஷயத்தில் பிழை எங்களுடையதுதான். 'உப்பைப் பாதியாகக் குறைக்கவும்' என்று முதல் வாரம் போட்டீர்கள். நினைவூட்டலுக்காக அடுத்தடுத்த வாரமும் அதே வரியைப் போட்டீர்கள். அம்மா ஒவ்வொரு வாரமும், இருந்ததில் பாதியாகக் குறைத்துவிட்டாள். நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன், இந்த ஆறாம் வாரத்தில் எங்கள் குழம்பில் இருப்பது பழைய உப்பில் அறுபத்து நாலில் ஒரு பங்கு. உப்பு ஜாடியைக் குழம்புக்கு மேலே ஒருமுறை திறந்து மூடுகிறாள், அவ்வளவுதான். எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை. ஆச்சரியம், அப்பா ஒரு சொல் குறை சொல்லாமல் தட்டை வழித்துச் சாப்பிடுகிறார்.

பலன் இல்லாமல் இல்லை. சனிக்கிழமைதோறும் டாக்டர் வீட்டில் கம்பவுண்டர் முகம்மது மைதீன் அண்ணன் பட்டையைச் சுற்றிக் காற்றடித்துப் பார்ப்பார். நூற்று அறுபத்து நாலு, நூற்று ஐம்பத்தாறு, நூற்று நாற்பத்தெட்டு என்று இறங்கி, ஜூலை இருபத்தேழாம் தேதி நூற்று நாற்பத்திரண்டில் வந்து நின்றது. நின்றது நின்றதுதான். போன சனிக்கிழமையும் அதே நூற்று நாற்பத்திரண்டு. அப்பா சட்டைக் கையை இறக்கிக்கொண்டு வெளியே போனதும் அம்மா கெஞ்சினாள். "தம்பி, ஒரு ரெண்டு கொறச்சுச் சொல்லக் கூடாதா?" மைதீன் அண்ணன் திகைத்துப்போய், "அக்கா, இது என்ன கத்திரிக்கா யாவாரமா?" என்றார்.

இதற்கு நடுவில் ஐந்தாம் வாரக் கட்டத்தைப் பற்றி நான் சொல்லியாக வேண்டும். 'மறைத்து வைப்பது மன அழுத்தத்தைக் கூட்டும். இரவு உணவுக்கு முன் குடும்பத்தினர் தினம் ஒரு உண்மையை மனம்விட்டுச் சொல்லவும்' என்று அச்சிட்டிருந்தீர்கள். அதைப் படித்த அன்று அம்மா கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது. ஏழரை மணிக்கு அப்பா சம்மணம் போட்டு உட்கார்ந்து முதல் ஆளாகச் சொன்னார். "உலகு, ஒன்னைப் பொண்ணு பாக்க வந்த அன்னைக்கு, தண்ணி கொண்டுவந்து வச்ச ஒங்க சித்தி மகளைத்தான் பொண்ணுன்னு நெனச்சுச் சரின்னு தலையாட்டுனேன்." அம்மா அசையவில்லை. "அதுல என்ன இருக்கு? நானும் மாப்பிள்ளைன்னு ஒங்க தம்பியத்தான் பாத்தேன்." அதற்குப் பிறகு இரண்டு நாள் இருவரும் என் வழியாகத்தான் பேசிக்கொண்டார்கள்.

அப்புறம் என் முறை. "ம், வேணி. ஒன் டயம்." முதல் நாள், நூலகப் புத்தகத்தில் ஒரு பக்கத்தைக் கிழித்ததைச் சொன்னேன். மறுநாள், பள்ளிக்கூடத்தில் ஒருத்தியின் ஜாமெட்ரி பெட்டியை எடுத்துத் திருப்பிக் கொடுக்காததை. நான்காம் நாளுக்குள் என் இருபத்திரண்டு வருடக் குற்றமெல்லாம் தீர்ந்துவிட்டது. மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று, அது டப்பாவுக்குள் இருந்தது. அதைச் சொல்லாமலிருக்க, செய்யாத தப்பையெல்லாம் செய்ததாக ஒத்துக்கொள்ள ஆரம்பித்தேன். மேசைக் கடிகாரத்தைத் தள்ளி உடைத்தது பூனை, நான் என்று சொன்னேன். பரீட்சையில் பக்கத்துப் பெண்ணைப் பார்த்து எழுதினேன் என்றேன். அம்மா அடுக்களைக்குள் இழுத்துப் போய், "ஏட்டி, இப்படியே இல்லாத குத்தத்தை எல்லாம் ஏத்துக்கிட்டிருந்தா நாளைக்கு ஒன்னை எவன் கட்டுவான்?" என்றாள். அப்பா மட்டும் ஒவ்வொரு நாளும் நான் சொல்லி முடித்த பிறகு, "வேற?" என்று கேட்பார். "வேற ஒண்ணும் இல்லப்பா." "ஒண்ணும் இல்லியா?" அதற்குமேல் கேட்கமாட்டார்.

நாளை சனிக்கிழமை, சோதனை. அதற்கு அடுத்த சனிக்கிழமை பதினேழு. ஒசூரில் சேர வேண்டிய நாள் பத்தொன்பது. தங்கள் நலப் பக்கத்து மருத்துவரிடம் கேட்டு, மிச்சமுள்ள அந்த இரண்டு புள்ளி இறங்க ஏதாவது வழி இருந்தால், இத்துடன் வைத்துள்ள சுயவிலாசமிட்ட உறையில் உடனே எழுதி அனுப்பும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் இதழும் அதன் வாசகர்களும் உப்புக் குறைந்து ஆயுள் கூடி வாழ விரும்பும்,
தா. வேணி

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும் நேரத்தில், அப்பா மத்தியான மாத்திரையை மறந்துவிட்டுப் போய்விட்டார் என்று அம்மா என்னை ஜங்ஷனுக்கு அனுப்பினாள். போனேன். டைம் கீப்பர் கூண்டில் அப்பா எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு பாட்டில். நார்த்தங்காய் ஊறுகாய். சோறு இல்லை, தயிர் இல்லை, வெறும் ஊறுகாயை விரலால் எடுத்துக் கண்ணை மூடிக்கொண்டு மருந்துபோல் விழுங்கிக்கொண்டிருந்தார். பக்கத்து டீக்கடை சிவசண்முகம் அண்ணாச்சி என்னைப் பார்த்து, "வெள்ளிக்கு வெள்ளி இது ஒரு விரதம் தாயி. மத்த நாளு தொடமாட்டாரு" என்றார்.

அப்பா திரும்பினார். பழக்கதோஷத்தில், "நீ எந்த வண்டியில வந்த?" என்று கேட்டார். நான் பாட்டிலைப் பார்த்தேன். அவரும் பாட்டிலைப் பார்த்தார்.

"காப்பி குடிக்கணும்போல இருந்துச்சு. நீங்க ரெண்டு பேரும் கோயிலுக்குப் போன நேரம் டப்பாவத் தொறந்தேன். கவர் கெடந்துச்சு."

"எப்பம்ப்பா?"

"மூணு வாரம் ஆச்சு."

"படிச்சீங்களா?"

"ஊர் பேரு மட்டும் படிச்சேன். ஒங்கம்மா எல்லாத்தையும் அடுத்த வீட்டுல சொல்லுவா, அது என் காதுலயும் விழும். நூத்தி நாப்பதுக்கு எறங்குனா கவரை நீட்டிருவா. அதான் இந்த ஊறுகா உப்புல அந்த ரெண்டு புள்ளியையும் எறங்க விடாம கையில புடிச்சு வச்சிருக்கேன்."

நான் மாத்திரையை நீட்டினேன். மறுபேச்சில்லாமல் வாங்கிப் போட்டுத் தண்ணீர் குடித்தார். "பெங்களூர் போவுத வண்டி ஒண்ணு சாயங்காலம் அஞ்சு மணிக்கு இருக்கு. விடிய ஒசூர்ல எறக்கி விட்டுருவான். ஜன்னலோரம் கேட்டா குடுப்பாங்களாம். விசாரிச்சுட்டேன்" என்றார். போ என்று சொல்லவில்லை. போகாதே என்றும் சொல்லவில்லை. அவருக்கு வாயால் சொல்ல வரவில்லை. எனக்கும் கேட்க வரவில்லை, நான் அவர் மகள்தானே. பாட்டிலை மட்டும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஆகையால் மேலே கேட்ட இரண்டு புள்ளி எனக்கு வேண்டாம். உறையிலும் பதில் எழுத வேண்டாம். இத்தனை பக்கமும் எதைக் கேட்கத் தைரியமில்லாமல் சுற்றிச் சுற்றி வந்தேனோ அதைக் கேட்டுவிடுகிறேன். வருகிற பதினாறாம் தேதி இதழில் நாற்பத்தைந்தாம் நாள் கட்டம் வரும், அது பதினெட்டாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. அந்தக் கட்டத்தில், 'வெளியூரில் வேலை கிடைத்த மகளை இன்று வழியனுப்பி வைத்தால் இரத்த அழுத்தம் குறையும்' என்று ஒரு வரி அச்சிடுவீர்களா? என் பெயர் எங்கும் வர வேண்டாம். மருத்துவப்படி இது சரிதானா என்று எனக்குத் தெரியாது, தப்பாக இருந்தால் அந்தப் பாவம் என்னைச் சேரட்டும். ஆனால் 'குறையும்' என்றே போடச் சொல்லுங்கள். பொருள் ஏறக்குறைய ஒன்றுதானே என்று உங்கள் அலுவலகத்தில் யாராவது அதை 'இரத்த அழுத்தம் கூடாது' என்று மாற்றிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அப்பா எந்த வரியிலும் கடைசிச் சொல்லைத்தான் முதலில் படிப்பார்.