கறுப்பு வெள்ளைக் கதவு

இத்ரிஸ் எழுந்தான். முகம் கழுவினான். மொச்சைக் கூழில் ஆலிவ் எண்ணெய் ஊற்றிக் குடித்தான். வாசலைக் கழுவிவிட்டான். மனைவி கிஸ்லான் இறந்த பிறகு எல்லா நாட்களும் இப்படித்தான் தொடங்கின. இன்று மட்டும் மதியம் ஒரு விருந்தாளி வருவதாக இருந்தது.

டாஞ்சியர் நகரத்துக் கோட்டைச் சந்தில் இருந்த அவர்களுடைய சின்ன விடுதிக்கு வருகிறவர்களிடம் கிஸ்லான் ஒரு பழைய பிரெஞ்சு உளவாளிப் படத்தைப் பற்றிச் சொல்வாள். நாயகி துப்பாக்கியோடு ஓடிவருகிற கதவு எங்கள் கதவுதான் என்பாள். சந்தில் யாரும் அந்தப் படத்தைப் பார்த்ததில்லை. இன்று வருகிற பாரிஸ்காரக் கிழவி மேடம் ஒதேத், அந்தக் கதவைப் பற்றித்தான் போன வருஷம் போனில் கேட்டாளாம். அறை ஒதுக்கியதும் கிஸ்லான்தான்.

இத்ரிஸ் படத்தைப் போனில் தேடிப் போட்டுப் பார்த்தது இன்று காலையில்தான். அதில் கதவுக்கு மேலே வளைவு இருந்தது, வளைவில் ஒரு இரும்பு விளக்கு. அவன் வீட்டுக் கதவு சதுரம். விளக்கும் கிடையாது.

செத்துப்போனவளை ஒருத்தி பொய்க்காரி என்பாள், அவன் நின்று கேட்க வேண்டும். அது மட்டும் முடியாது என்று தோன்றியது. பல மாதங்களாக அவனுக்கு எதுவுமே தோன்றியதில்லை.

எதிர்வீட்டுத் தச்சர் அயாஷி மாமாவிடம் போனான். அவர் பலகையில் ஒரு வளைவு அறுத்து வந்து அடித்தார். ஆணிகள் நிலையையும் கதவையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டன. கதவு திறக்கவில்லை.

"மேடம் எப்படி மாமா உள்ள போவாங்க?"

"படத்துல யாருடா உள்ள போனா? எல்லாரும் வெளியதானே ஓடி வர்றாங்க."

பக்கத்து வீட்டு ஸொஹ்ரா அக்கா தன் மாடி விளக்கைக் கழற்றிக் கொடுத்தாள். அதை மாட்டியதும் வளைவு ஒரு பக்கம் சாய்ந்தது. துடைப்பக் கட்டையை முட்டுக் கொடுத்தார்கள்.

பிறகு நிறத்தில் சண்டை வந்தது. நிச்சயம் பச்சைதான், அந்தக் காலத்தில் எல்லாக் கதவும் பச்சை என்றாள் ஸொஹ்ரா அக்கா. அயாஷி மாமா போனை வாங்கிக் கண்ணருகே வைத்துப் பார்த்தார்.

"சாம்பல்."

"அது கறுப்பு வெள்ளைப் படம் மாமா."

"இருக்கட்டும். அந்தம்மா பார்த்தது சாம்பல்தானே? கண்ணால பார்த்ததை மாத்திச் சொல்ல நீ யாரு?"

படகுக்கு அடித்தது போக மீந்த சாம்பல் வண்ணம் வந்தது. கதவுக்கு அடித்ததும் சுவர் பொருந்தவில்லை. சுவருக்கும் அடித்தார்கள். சிவப்புப் பூத்தொட்டிகளை ஒளித்துவைத்தார்கள். ஸொஹ்ரா அக்காவின் மஞ்சள் பூனை மட்டும் பிடிகொடுக்காமல் ஓடியது.

மேடம் ஒதேத் தடியை ஊன்றி வந்து சேர்ந்தபோது சந்தின் அந்தப் பாதி மழைநாள் வானம் மாதிரி இருந்தது. அயாஷி மாமாவின் புருவம்கூடச் சாம்பல்.

"இதுதான் மேடம், என் மனைவி சொன்ன கதவு," என்றான் இத்ரிஸ்.

அவள் தொட்டுப் பார்த்தாள். விரலில் வண்ணம் ஒட்டியது. கிஸ்லான் எங்கே என்று கேட்டாள். அவன் சொன்னான். அவள் வாசல்படியில் உட்கார்ந்துவிட்டாள். விளக்கு ஒருமுறை கிறீச்சிட்டது.

"படத்துல வர்ற கதவை நான்தான் செஞ்சேன் தம்பி," என்றாள் கடைசியில். "பாரிஸ்ல ஒரு கொட்டகையில, அட்டையில. இந்த ஊரை நான் பார்த்ததே இல்ல. போன்ல இதைச் சொன்னதும் உன் பெண்டாட்டி விழுந்து விழுந்து சிரிச்சா. போனை வைக்கிறதுக்கு முன்னாடி கடைசியா என்ன சொன்னா தெரியுமா? 'எங்க கதவு நீலம் மேடம், வந்து பாருங்க. அதுவரைக்கும் யாரும் அதுல கை வைக்காம நான் பார்த்துக்கறேன்.'"