ரத்தம் சிந்திய சுவர்

அந்தத் தெருவில் ஆளுக்கு உடம்பு சரியில்லை என்றால்கூட இவ்வளவு பேர் கூடியதில்லை. ஒரு சுவரைப் பார்க்க ஐம்பது பேர். சுவர்ச்சித்தர் வருகிறாராம். பழைய வீட்டுச் சுவர்களின் பாவத்தைக் கண்டுபிடிப்பவர். மனிதர்களின் பாவத்தைக் கண்டுபிடிக்கும் தொழிலில் போட்டி கூடிவிட்டதால் சுவருக்கு மாறியிருக்கலாம்.

வேலை எளிது. புதுப் பூச்சின்மேல் செம்பிலிருந்து தீர்த்தம் தெளிப்பார். சிவந்தால், பூசிய கையில் கொலைப்பாவம். பூச்சைக் கொத்தி எறிந்துவிட்டு, சித்தரின் மச்சான் கடை ஜிப்சத்தைப் பூச வேண்டும். ஜிப்சம் பூசிய மாதிரிப் பலகை ஒன்றைக் கையோடு கொண்டுவருவார். அதில் தெளித்தால் சிவக்காது. அவ்வளவு பரிசுத்தம்.

சுண்ணாம்பு பூசினாலும் சிவப்பு, சிமெண்ட் பூசினாலும் சிவப்பு. இந்தக் கணக்கில் அந்தத் தெருவில் பூச்சுவேலை செய்யும் கொத்தனார் ஒரே மாதத்தில் மூன்று கொலை செய்திருந்தார். இது நான்காவது வீடு. வயதான வீடு, ஈரம் ஏறும் சுவர். சுண்ணாம்பு பூசினால்தான் ஈரம் உள்ளே அடைபடாது என்று நான்கு நாள் முதுகொடியப் பூசியிருந்தார். இதுவும் சிவந்தால் இனி ஒரு செங்கல்லைக்கூட அவரை நம்பித் தர ஆளிருக்காது.

சித்தர் தெளித்தார். பன்னீர் மணந்தது. சுவரெல்லாம் செக்கச்செவேலென்று திட்டுகள்.

“யாரைய்யா கொன்னே?” என்றார் வீட்டுக்காரர்.

“நான் கோழியக்கூட கொன்னதில்லைங்க.” கொத்தனார் தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நாலு வீட்டில் கொலைகாரன் என்று சொன்னால் யாருக்குத்தான் தன்மேல் சந்தேகம் வராது?

வீட்டுக்காரரின் மனைவி மட்டும் சுவரைப் பார்க்கவில்லை. கணவனின் வெள்ளைச் சட்டையில் தீர்த்தம் தெறித்து மஞ்சள் பொட்டுகள். அவள் சலவைக்கடை நடத்துபவள். கறையைக் கண்டால் கடவுளையும் கொஞ்சம் காத்திருக்கச் சொல்வாள். சோப்புக்கட்டியை நனைத்துக்கொண்டு வந்து தேய்த்தாள். பொட்டுகள் சிவந்தன.

“ஏங்க, நீங்க யாரைக் கொன்னீங்க?”

வீட்டுக்காரர் அவசரமாகச் சட்டைப் பொத்தானைக் கழற்றினார். சித்தர் அசரவில்லை. “முன்ஜென்மத்துல ஏதோ பண்ணியிருக்காரும்மா.”

“இருக்கட்டும் சாமி. அந்தப் பலகையக் குடுங்க.” பரிசுத்தப் பலகையின் ஒரு பாதியில் சோப்பைத் தேய்த்தாள். “இப்ப இதுல தெளிங்க.”

“தீர்த்தம் தீர்ந்துபோச்சு.”

“தளும்புது சாமி!” என்று கொத்தனார் செம்பைப் பிடுங்கிப் பலகைமேல் கவிழ்த்தார். சோப்பு பட்ட பாதி சிவந்தது. படாத பாதி மஞ்சளாகவே இருந்தது.

“வெறும் மஞ்சத்தூள் தண்ணி. வாசம் தெரியாம பன்னீர ஊத்தியிருக்காரு,” என்றாள் அவள். “மஞ்சள்ல சோப்பு பட்டாலும் செவக்கும், சுண்ணாம்பு பட்டாலும் செவக்கும். புதுச் சிமெண்டும் அப்படித்தான். ஜிப்சத்துக்கு அந்தக் குணம் கிடையாது. சட்டையில குழம்பு கொட்டித் துவைச்சவங்க யாரும் இங்க இல்லையா?”

எல்லோருமே துவைத்தவர்கள்தான். வீட்டில் தெரிந்தது செம்பைக் கண்டதும் மறந்திருந்தது. அவர்கள் அதை நினைவுபடுத்திக்கொள்வதற்குள் சித்தர் மச்சானின் பைக்கில் தெருமுனையைத் தாண்டியிருந்தார்.

“என் குளியலறையில அவர் சொன்ன ஜிப்சம்தான் பூசினேன்,” என்றார் பக்கத்து வீட்டுக்காரர். “கொழகொழன்னு வருதே!”

“பரிசுத்தம் கரையுதுங்க,” என்றார் கொத்தனார்.

கூட்டத்தில் ஒருவருக்கு மனசு ஆறவில்லை. “அப்ப யாருமே கொலை பண்ணலையா?”

“பண்ணியிருக்கீங்களே,” என்றாள் சலவைக்கடைக்காரி. “மூணு வீட்டுல நல்ல பூச்சைக் கொன்னிருக்கீங்க. எதைத் தெளிக்கிறீங்கன்னு சுவர் கேக்கல. அதுக்கு மூளை இல்ல. உங்களுக்கு என்னங்க கேடு?”